வண்டி எண்

தெய்ராவில் தங்கினேன், வாடகை குறைவு என்று.
கோயமுத்தூர் பம்பு கம்பெனிக்கு
துபாயில் மூன்று நாள் கண்காட்சி.
நான்காம் நாள் என்னுடையது.
அதற்காகவே ஏழு மட்டைகளை
ஒல்லிப் பையில் கட்டி எடுத்து வந்திருந்தேன்.
பதினான்கு வரை வைத்துக்கொள்ளலாம்தான்.
விமானக்காரன் கிலோவுக்குக் காசு கேட்கிறான்.

மெட்ரோ, பெண்கள் பெட்டி, காலை ஆறு நாற்பது.
எனக்கும் கதவுக்கும் நடுவே
இன்னொரு ஆளாய் நின்றது பை.
"வீணையா?" என்றாள் ஒரு மலையாள நர்ஸ்.
இல்லை என்றேன்.
"பின்னே?"
சொன்னேன்.
வீணையாகவே இருந்திருக்கலாம் என்பதுபோல் பார்த்துவிட்டு
போனுக்குத் திரும்பிக்கொண்டாள்.

நிலையத்திலிருந்து கிளப் எண்ணூறு மீட்டர்
என்றது வரைபடம்.
எண்ணூறு மீட்டர் உண்மைதான்.
நடைபாதைதான் பாதியில்
சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது.
பிறகு மண், வேலி, சொட்டுநீர்க் குழாய்,
பெருஞ்சாலையின் இரைச்சல்,
காகிதப்பூச் செடிகளை ஒட்டி ஒருக்களித்து நான்.
தோளை அறுத்தது வார்.
அடிக்கு அடி மட்டைகள் ஒன்றையொன்று இடித்து
யாரோ கோபத்தில் பாத்திரம் கழுவுவதுபோல்
சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

வாசலில் குறுக்குக் கம்பு.
கார் வந்தால் தானே எழும்பும்.
நான் போய் நின்றேன். எழும்பவில்லை.
இரண்டடி பின்னால் போய் மறுபடி வந்தேன்.
ஊகூம்.
காவலர் ஒகெல்லோ, உகாண்டாக்காரர்,
கூண்டைவிட்டு இறங்கி வந்தார்.
"கார் எங்கே மேடம்?"
"இல்லை."
"டாக்ஸி?"
"நடந்து வந்தேன்."
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
பதிவேட்டில் பெயர், நேரம், வண்டி எண்.
மூன்றாவது கட்டம் காலியாய் இருந்தால்
மேலாளர் கேட்பாராம்.
நான் என் காலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
ஏழு என்று எழுதினேன். ஷூவின் அளவு.
கம்பு எழும்பியது.
குனிந்தே நுழைந்திருக்கலாம்.
முழுக்க எழும்பட்டும் என்று நின்றிருந்தேன்.

உள்ளே, நடந்து ஆடக் கூடாது என்றார்கள்.
பேட்டரி வண்டி கட்டாயம், கட்டணத்திலேயே சேர்த்தி.

ஐந்தாவது குழியில் பந்து மணலுக்குள் போனது.
எடுத்தேன், போனது. எடுத்தேன், போனது.
வாரியோடு காத்திருந்தவர்
"மெதுவா அடிங்கக்கா" என்றார்.
ஞானதிரவியம், சாயர்புரம் பக்கம்.
தமிழென்று எப்படித் தெரிந்தது?
"மூணாவது தடவை விழுந்தப்ப
ஒரு வார்த்தை சொன்னீங்களே."
வெயில் காதுமடலில் ஏறியது.
இந்த ஊர் மண் பந்தை விழுங்கிரும்,
அதனால இது வெளியிலிருந்து வந்த மணல் என்றார்.
என் காலடித் தடத்தை வாரி அழித்தார்,
நான் அங்கே நிற்கும்போதே.

மதியம், ஷிப்ட் முடிந்த பஸ் நிலையம் வழியாகத்தான் போகிறது என்று
என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.
பைக்கு இடமில்லை. நாலு பேர் மடிமேல்
குறுக்கே படுக்க வைத்தோம்.
வாசலில் கம்பு எழும்பியது.
ஒகெல்லோ ஜன்னலில் என்னைத் தேடிப் பிடித்து
பதிவேட்டைத் திறந்து
ஏழாம் எண் வண்டி
வெளியேறிய நேரத்தைக் குறித்தார்.

"எத்தனை?" என்றார் டேக் பகதூர்,
என் பையின் தலைமாட்டைப் பிடித்திருந்தவர்.
நூற்றுப் பதினெட்டு.
"செஞ்சுரி!"
பஸ்ஸே கை தட்டியது. டிரைவர் ஹாரன் அடித்தார்.
இந்த ஆட்டத்தில் குறைந்தால்தான் நல்லது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
எதிர் சீட்டில் ஞானதிரவியம்,
ஒன்பது வருஷமாய் அந்தப் புல்லில் நிற்பவர்,
எல்லாம் தெரிந்தவர்,
கை தட்டிக்கொண்டே
ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.